மூச்சுமரபுச் சீட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கடல் ஏறி ஊர்களை விழுங்கிய பிறகு, பதினாலாயிரம் அடி உயரத்தில் நம் ஆட்கள் குடியேறிய மேகப்பட்டியின் கதை ஒன்று சொல்கிறேன். மனசு கனக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

மேகப்பட்டியில் வெள்ளிக்கிழமை என்றால் வளைகாப்பு. ஐந்து மாதம் ஆன பெண்களுக்கு வளையல் பூட்டி, ஐந்து வகைச் சோறு ஊட்டி, அன்றைக்கே ரோப் காரில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவார்கள். பிள்ளை பெற்றுத்தான் திரும்ப வேண்டும். அந்த உயரத்துக் காற்றில் தாய்க்கே மூச்சு பற்றாது. கருவுக்குப் போகும் ரத்தம் குறைந்து, பிள்ளை வயிற்றிலேயே சுருங்கிவிடும்.

சில பெண்கள் மட்டும் இறங்க வேண்டியதில்லை. முதலில் குடியேறியவர்களில் நாற்பது பெண்களுக்கு, கருத்தரிக்கும் முன்பே, ‘மூச்சுமரபு’ என்ற மரபணுவை ஏற்றியிருந்தார்கள். தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தவறாமல் இறங்கும். அதனால் மகளுக்குத் தனிச் சோதனை கிடையாது. அதற்கு அத்தாட்சியாகத் தாய்க்குக் கொடுத்த சீட்டே மகளுக்கும் போதும்.

செல்லக்கனி அந்த நாற்பதில் ஒருத்தி. அவள் மகள் முத்தரசிக்கு அன்று ஐந்தாம் மாதம்.

“ஏட்டி, நீ இறங்கலியா?” என்று ரோப் காரிலிருந்து தோழி கத்தினாள்.

“நான் எதுக்கு? எங்க அம்மா வழி காத்தைக் குடிச்சே பொழைக்கும். நீ போயி மீன் தின்னு குண்டாயிட்டு வா!”

மருத்துவச்சி லூர்தம்மாள் கையை நீட்டினாள். “சீட்டு எங்க, கனியக்கா?”

செல்லக்கனி தயங்கினாள். மலையேறக் காத்திருந்த முகாமில், அவள் பெற்ற பிள்ளை முப்பதாம் நாள் இறந்துபோனது. அதே வாரம் வெள்ளப் படகில் தாயற்றுக் கிடந்த சிசுவை எடுத்து மார்போடு அணைத்தாள். அதுதான் முத்தரசி. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, முத்தரசிக்கும் தெரியாது.

‘மூணு வருசம் என் பாலைக் குடிச்சவ. பாலோட அது இறங்காமலா இருந்திருக்கும்?’

சீட்டை நீட்டிவிட்டாள்.

ஏழாம் மாதம் வயிறு ஏறவில்லை. லூர்தம்மாள் அளந்து பார்த்துப் பதறினாள். ஆனால் பனிப்புயலில் ரோப் கார் ஒன்பது நாள் ஓடவில்லை. எட்டாம் நாள் பிள்ளை பிறந்தது. கைக்குள் அடங்கிய பெண் பிள்ளை; அழவே இல்லை.

லூர்தம்மாள் முத்தரசியின் ரத்தத்தைச் சோதித்தாள். “இவ ஒடம்புல மூச்சுமரபே இல்லையே, அக்கா.”

முத்தரசி அம்மாவையே பார்த்தாள். செல்லக்கனி முகாமைச் சொன்னாள், படகைச் சொன்னாள். “உண்மையைச் சொன்னா நீ என்னை விட்டுப் போயிருவியோன்னு...”

“நாலு மாசத்துல திரும்பி வந்திருப்பேனே. உன்கிட்டதானம்மா வந்திருப்பேன். பிள்ளையையும் தூக்கிட்டு வந்திருப்பேன்.”

துணியில் சுற்றிய பிள்ளையோடு லூர்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

“அவுக கையில குடுங்க,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள் முத்தரசி. “நான் அப்புறம் வாங்கிக்கிடுதேன்.”

அம்மா என்ற சொல் அவள் வாயில் மறுபடி வர இரண்டு வருசம் ஆயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கர்ப்பிணிகளுக்கு மூச்சு நிறையட்டும். பிறக்கிற பிள்ளைகள் வீலென்று அழுது தெருவையே எழுப்பட்டும்.