இந்த உயிருக்கு மட்டும்

பனிமூட்டம் இறங்கிய ஐந்தாம் நாள் காலையில், திர்ஸா தன் அப்பாவைச் சித்தப்பா என்று கூப்பிட்டாள்.

"சித்தப்பா, கஞ்சி ஆறிடுச்சு பாருங்க."

எஸ்ரா தோர்ன்லி பூட்சுக்குக் கொழுப்பு தடவிக்கொண்டிருந்தான். முதலில் சிரித்துவிட்டான். ஐந்து வயசுப் பிள்ளை, நாளுக்கு ஒரு பேச்சுப் பேசும். போன வாரம் முழுக்கப் பசுமாட்டை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். ஆனால் அடுப்பருகே நின்ற கெட்டூரா திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அவனுக்கு முந்திக்கொண்டு அவள் சிரித்திருப்பாள். இன்று அவள் கையிலிருந்த கரண்டி பானைக்குள் அப்படியே நின்றது. அந்தப் பள்ளத்தாக்கில் எஸ்ராவுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. சித்தப்பா என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை.

"யாரும்மா அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"அப்பாதான்."

"நான்தானே உன் அப்பா?"

குழந்தை கஞ்சியைக் கிண்டியபடியே, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "நீங்க இந்த உயிருக்கு மட்டும்."

எஸ்ரா பூட்சைக் கீழே வைத்தான். அந்த வார்த்தைகளை அவன் ஒரே ஓர் இடத்தில்தான் கேட்டிருக்கிறான். எட்டு வருஷத்துக்கு முன்னால், சால்ட் லேக்கில், சபையின் சடங்குகள் நடக்கும் கதவு சாத்திய ஓர் அறையில். அங்கே குழந்தைகளை விடமாட்டார்கள். அங்கே பேசியதை வெளியே வந்து யாரும் பேசவும் மாட்டார்கள்.

கெட்டூரா அவனுக்கு வரும்போதே இன்னொருவனின் மனைவி. சைலஸ் பர்டெட் என்று பெயர். சீயோனுக்குப் போகிறோம் என்று கைவண்டியில் மூட்டை முடிச்சைப் போட்டுக்கொண்டு, சமவெளி முழுக்க இழுத்துக்கொண்டே வந்து, மலையடிவாரத்தில் பனியில் செத்துப்போனான். தரை இறுகிக் கிடந்ததால் குழிகூடச் சரியாகத் தோண்ட முடியவில்லை. நாலு வருஷம் கழித்து எஸ்ரா அவளைக் கேட்டபோது, அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். மறுமையில் நான் அவருக்குத்தான். அப்படியே செய்தார்கள். முதலில் அவளையும் சைலஸையும் மறுமையிலும் கணவன் மனைவியாக இருக்கும்படி என்றென்றைக்குமாக முத்திரையிட்டார்கள். செத்தவனால் மண்டியிட முடியாது, அவனுக்குப் பதிலாக யாராவது மண்டியிட வேண்டும். எஸ்ராதான் மண்டியிட்டான். சைலஸின் பெயரில் அவள் கையைப் பிடித்தான், சைலஸின் பெயரில் 'ஆம்' என்றான். அதற்குப் பிறகுதான் அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம், இந்த உயிருக்கு மட்டும். பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் மறுமையில் சைலஸின் கணக்கில்.

இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. பிஷப் விட்கோம் அன்றைக்கே கேலி செய்தார். "அடுத்தவன் நிலத்த வாரத்துக்கு உழுறவன் நீ, எஸ்ரா. நல்லா உழு. களத்துமேட்டுல வந்து பங்கு கேக்காத." எஸ்ராவும் சேர்ந்து சிரித்தான். மறுமை அப்போது வெகுதூரத்தில் இருந்தது.

பெரியவன் ஜோயல் மூன்று வயதில் போனான். சின்னவன் ரூபன் பதினோரு மாதத்தில், தவழ்ந்துகொண்டிருக்கும்போதே போனான். இரண்டு பேரும் இதே மாதம், இதே மூட்டத்தில். குளிர்க் காய்ச்சல் என்றார்கள். ஜோயல் கடைசி இரண்டு நாள் தகப்பனை வேறு ஏதோ முறை சொல்லிக் கூப்பிட்டான். காய்ச்சலில் பினாத்துகிறான் என்று எஸ்ரா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு அது என்ன முறை என்று அவனுக்கு நன்றாக ஞாபகம் வந்தது.

காலை வேலைகளை முடித்ததும் அவன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். இரண்டு மலைகளுக்கும் நடுவே பள்ளத்தாக்கைப் பால் ஊற்றி மூடி வைத்ததுபோல இருந்தது. பக்கத்து வீட்டுப் புகை மேலே ஏற வழியில்லாமல் தரையோடு படர்ந்து, எரியும் காட்டுச்செடியின் கசந்த மணத்தோடு அவன் முகத்தில் வந்து ஒட்டியது. வேலியின் ஒவ்வொரு கம்பியிலும் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. எங்கோ ஒரு மாடு கத்தியது, அது முன்னாலிருந்து கத்தியதா பின்னாலிருந்து கத்தியதா என்று தெரியவில்லை. நண்பகல் நேரம். ஆனாலும் தன் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத்தான் தெரிந்தது.

பிஷப் மாவு மில்லில் இருந்தார். மில்லும் அவர்தான் பார்த்தார், சபையும் அவர்தான் பார்த்தார். இமையெல்லாம் மாவோடு நிமிர்ந்தார்.

"என்ன பிரதர், இந்த மூட்டத்துல வழி தெரிஞ்சு வந்துட்டியே. பொண்டாட்டி விரட்டிட்டாளா?"

எஸ்ரா சிரிக்கவில்லை. காலையில் நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்லத் தனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது, இருந்தாலும் முடித்தான். "அந்த முத்திரைய அவிழ்த்து விட்டுடுங்க பிஷப். இந்த ஒரு புள்ளையையாவது என் பேர்ல எழுதச் சொல்லுங்க. மத்த ரெண்டையும் அவனே வச்சுக்கட்டும்."

"சால்ட் லேக்ல போட்ட முடிச்ச நான் இங்க உக்காந்து எப்படிப்பா அவுக்கறது? பனி உருகட்டும், கடுதாசி எழுதுவோம்." பிஷப் மாவைத் தட்டினார். "புள்ள எதையாவது ஒட்டுக்கேட்டிருக்கும். நீ வேற. உனக்கு உடம்பு சரியில்ல போல. நேத்தும் பாத்தேனே, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாம போற."

"நேத்தா?"

"மத்தியானம், ஆத்தோரம், கையெட்டுற தூரத்துல. உன் தொப்பி, உன் கோட்டு, உன் மூஞ்சி. கைவண்டிய இழுத்துட்டு உன் வீட்டுப் பக்கமா போனியே. வெறும் வண்டி."

"நேத்து நான் வீட்ட விட்டே வெளிய வரல பிஷப்." எஸ்ரா ஓர் அடி முன்னால் வந்தான். "எங்கிட்ட கைவண்டியே கிடையாது. நான் மாட்டு வண்டில வந்தவன்."

பிஷப் கையிலிருந்த மாவு மூட்டையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கேலி எல்லாம் வடிந்துபோயிருந்தது. "வீட்டுக்குப் போ" என்றார். "புள்ளைய விட்டு நகராத. காலைல இன்னொரு பிரதரையும் கூட்டிட்டு வரேன். தலைல எண்ணெய் வச்சு ஜெபம் பண்ணுவோம். போ, போ."

திரும்பும் வழியில் அந்தச் சத்தத்தைக் கேட்டான். எண்ணெய் காணாத மர அச்சு மரச் சக்கரத்துக்குள் உராயும் முனகல். அவன் நின்றால் அது நின்றது. அவன் நடந்தால் அதுவும் நடந்தது. ஈரக் கம்பளியின் வாடை வந்தது, அதற்கு அடியில், குளிரில் வெளியே கிடந்து விறைத்த இறைச்சியின் வாடை. கடைசி அரை மைலை எஸ்ரா ஓடியே கடந்தான்.

வீட்டில் கெட்டூரா திர்ஸாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கவுன் மாட்டியிருந்தாள். அதன் மேல் இரண்டு சட்டை, அதன் மேல் தன் சால்வை. மேஜையில் ஒரு சின்ன மூட்டை. அதற்குள் ரொட்டி, காலுறை, ஆப்பிள் வற்றல்.

"என்னடி பண்ற?"

"கைவண்டில ஆளுக்குப் பதினேழு ராத்தல்தான் ஏத்தலாம்" என்றாள் அவள், மூட்டையைக் கையில் தூக்கி எடை பார்த்தபடி. "இது அவ்வளவு வராது."

"கெட்டூரா!"

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். "பசங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே குடுத்தனுப்பல. எனக்கு அப்ப தெரியல. குளிர்ல வெறுங்காலோட போனாங்க. இவளுக்காவது..." சால்வையின் முடிச்சை இறுக்கினாள். "அவரு நல்லவருங்க. புள்ளைங்கள ஒரு அடி அடிக்க மாட்டாரு."

எஸ்ரா அவளோடு பேச்சு வளர்க்கவில்லை. கதவுக்குத் தாழிட்டு, அலமாரியை இழுத்து முட்டுக் கொடுத்தான். கன்றுக்குட்டியின் கயிற்றை எடுத்துத் திர்ஸாவின் இடுப்பில் ஒரு சுற்று, தன் இடுப்பில் மூன்று சுற்று. அவிழாத முடிச்சாகப் போட்டான். கணப்பின் முன் உட்கார்ந்து அவளை மடியில் இறுக்கிக்கொண்டான். என் உயிர் போனாலும் இவளை விடமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னான். குழந்தையின் தலைமுடியில் சோப்பும் புகையும் மணத்தன. அவள் இதயம் அவன் உள்ளங்கைக்குள் அடித்தது. இதைவிடப் பெரிதாக அவனுக்கு இந்த உலகத்திலும் எதுவும் இல்லை, வரப்போகிற உலகத்திலும் எதுவும் இல்லை.

ஜன்னலில் வெள்ளை மெல்லச் சாம்பலானது. நாலு மணி இருக்கும்.

சக்கரச் சத்தம் முற்றத்துக்குள் வந்தது.

வாசலில் நின்றது.

யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் பேசவில்லை. ஆனால் அந்த அமைதியை எஸ்ராவுக்குத் தெரியும். அந்த அறையில், மண்டியிட்டபோது, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்களே, அந்த அமைதி.

பல்லைக் கடித்தான். குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்தான். சொல்லாதே. சொல்லாதே.

"ஆம்."

அவன் குரல்தான். அவன் வாய்தான்.

அவன் விரல்கள் முடிச்சை அவிழ்த்தன. பதறவில்லை, நிதானமாக அவிழ்த்தன. நிறுத்து என்று உள்ளே கத்தினான். விரல்கள் கேட்கவில்லை. கால்கள் எழுந்தன. தோள் அலமாரியைத் தள்ளியது. தாழ்ப்பாள். கதவு. குளிர்.

வண்டியின் குறுக்குக் கட்டை அவன் நெஞ்சில் வந்து பொருந்தியது. அவன் ஒரு நாளும் தொட்டிராத கட்டை. உள்ளங்கைகளுக்கு அது எங்கே வழவழப்பு, எங்கே சிராய் என்று தெரிந்திருந்தது.

கெட்டூரா திர்ஸாவைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தாள். மூட்டையை மடியில் வைத்தாள். பிறகு முன்னால் வந்து அவன் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அவள் அவனை நன்றியோடு பார்த்திருக்கிறாள், இரக்கத்தோடு பார்த்திருக்கிறாள். இப்படிப் பார்த்ததில்லை. அந்த நிலையிலும் எஸ்ராவுக்குப் பொறாமையாக இருந்தது.

"எவ்வளவு இளைச்சுப்போயிட்டீங்க, சைலஸ்" என்றாள் அவள். "பாத்துப் போங்க. நான் பின்னாடியே வரேன்."

நான் எஸ்ரா. நான் எஸ்ரா. நாக்கு அசையவில்லை.

சக்கரம் உருண்டது. வீட்டு வெளிச்சம் ஒரு மஞ்சள் கறையானது. அதுவும் போனது. முன்னால் வெள்ளை. பின்னால் வெள்ளை. திர்ஸா ஒரு தடவை இருமினாள்.

மேடு வந்தது. வண்டி கனக்க வேண்டும். கனக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். கழுத்து திரும்ப மறுத்தது, ஆனால் காது கேட்டது. உறைந்த பனியில் வெறுங்கால்கள். ஒன்று ஓட்டமும் நடையுமாக, மூன்று வயதுக் கால்.

இன்னொன்று அதைவிடச் சின்னது. தரையில் நிற்கவே பழகியிராத கால். அதுவும் நடந்து வந்தது.