கடைசிக் கழுவல்

2018, நவம்பர் 14. மங்களூரு, உள்ளால் மீன்தூள் ஆலை. அழுகிய மத்திக் குவியலுக்கு அடியிலிருந்து ஓர் ஆணின் பிணம் எடுக்கப்பட்டது.

முகம் இல்லை. அந்த இடத்தில் புழுக்கள் நெளிந்தன. பற்கள் மட்டும் மிச்சம்.

மனைத் தரகர் யோகீஷ் பங்கேரா. மோதிரத்தைப் பார்த்து மனைவி அடையாளம் சொன்னாள்.

கடைவாய்ப் பல் ஒன்றில் அப்போதுதான் வேர் சிகிச்சை செய்து, தற்காலிகமாக அடைத்திருந்தார்கள். அடைப்பில் ஒரு கடித்தடம்கூட இல்லை. அதாவது, அதன்பிறகு யோகீஷ் ஒரு வாய் சோறு தின்னவில்லை!

அந்தப் பல்லின் உள்ளே மருந்து விட்டுக் கழுவி அடைத்தவர்தான் ஆளைக் கடைசியாகப் பார்த்தவர்...

யார் அவர்?

மறுநாள் மதியம். பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகம். இன்ஸ்பெக்டர் வாமன குலால் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். பக்கத்தில் டாக்டர் ரமாநாத் கிணி. வேர் சிகிச்சையில் ஊரில் முதல் பெயர். நிபுணர் என்று கருத்துக் கேட்க அழைத்திருந்தார்கள்.

கிணி வாங்கிய மனையை யோகீஷ் இன்னொருவருக்கும் விற்றிருந்தார்.

"அந்த ஆளை நேர்ல பார்த்ததே இல்ல மாராயா!" என்றார் கிணி குலாலிடம். " போன்ல பேசினதோட சரி. சீக்கிரம் முடிங்க, சாயங்காலம் மஸ்கட் ஃபிளைட்."

கிருமி ஆய்வாளர் ஃபெலிசிட்டா மொந்தேரோ கணினித் திரையில் ஒரு படத்தைப் போட்டாள்.

பிளந்த பல்லின் உட்சுவர். புளித்த மாவு பொங்கியதுபோல் கிருமிகள்... கொத்துக் கொத்தாக!

"உவ்வே!" என்றார் குலால். "என்னம்மா இது?"

"யோகீஷ் பல்லு சார். பல்லுக்குள்ள கழுவற மருந்துகள்ல எதைக் கடைசியா விடறோம்கறதுதான் முக்கியம். ஈடிடிஏ விட்டு அதோட நிறுத்தினா கிருமி இன்னும் இறுக்கமா ஒட்டிக்கும். மேல குளோர்ஹெக்சிடின் விட்டா ஒட்டறது குறையும். இவன் விடல."

"எவன்?"

"எவனோ சந்தையில பல்லு பிடுங்கறவன்!"

குலால் சிரித்தார். "என் மச்சான் பைக் சைலன்சரையே இதைவிட நல்லா கழுவுவான்!"

கிணியின் காது சிவந்தது.

"இருக்காது..."

"இருக்கே சார். கண்ணால பாருங்க. கேவலமான வேலை."

"வாயை மூடும்மா! ஈடிடிஏவோட நிறுத்த நான் என்ன கத்துக்குட்டியா? அந்தப் பல்லுக்குக் கடைசியா குளோர்ஹெக்சிடின் என் கையால விட்டேன்!"

குலால் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

கிணியின் வாய் திறந்தபடியே நின்றது.

"தெரியும் சார்," என்றாள் ஃபெலிசிட்டா. "யோகீஷ் பல்லுல கிருமி சரியா ஒட்டவே இல்ல. அருமையான வேலை. திரையில இருக்கறது வேற யாரோட பல்லோ... கிருமி நான் வளர்த்தது!"

மஸ்கட் விமானம் ஓர் இருக்கை காலியாகக் கிளம்பியது.

ஜீப்பில் ஏற்றும்போது குலால் சொன்னார்:

"பல்லு சுத்தம் டாக்டரே... வாய்தான் சரியில்ல!"