மூட்டை அண்டாத தலையணை

ஓட்டு இடுக்கால் விழுந்த வெயில் கீற்றில் தூசி நின்றது. தூசி என்றால் ஆடும், இறங்கும், கடைசியில் பாயிலாவது போய்ப் படியும். இதுவோ, யன்னல் இரண்டையும் சாத்திக் காற்று அடங்கிய பிறகும், மீன் செதிளைப் பொடியாக்கித் தூவியதுபோல மினுங்கிக்கொண்டு அந்தரத்திலேயே கிடந்ததை ஸாலிஹா விளக்குமாறும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் கீழே, நேர்ச்சை மேல் நேர்ச்சை வைத்துப் பெற்ற பிள்ளை, அவள் புருஷன் லாபிரின் தலையணையில் முகம் புதைத்து நித்திரை.

வாசலில் யாரோ செருமிய சத்தம் கேட்டது.

கொழும்பிலிருந்து வந்திருக்கும் டொக்டர் தம்பிராசா. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் திருத்தும் பட்டறையில் வேலை செய்து, நெஞ்சு நோவில் மௌத்தான அலியாரின் கூட்டாளிகளைத் தேடிக் கிண்ணியாவில் வீடு வீடாகத் திரிகிறாராம். லாபிர் விடியவே துறை கடந்து அதே பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தான். டொக்டர் விறாந்தைக் கதிரையில் இருந்தார். ஸாலிஹா முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவு மறைவில் நின்றாள்.

"நீராவிக் குழாய்க்கு வெள்ளைப் பஞ்சு சுத்துறதுதானே உங்கட மனுசன்ட வேலை?"

"ஓம் ஐயா."

"வேலை உடுப்பை ஆர் தோய்க்கிறது?"

"நான்தான். நல்லா உதறிப்போட்டுத் தோய்ப்பன்."

அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"அந்தப் பஞ்சு வீட்டுக்கு வந்ததோ?"

வந்தது. சாக்கோடு வந்தது. இலவம் பஞ்சில் மூட்டைப்பூச்சி குடும்பம் நடத்துகிறதென்று லாபிருக்குக் கரைச்சல் கொடுத்தவளே அவள்தான். இதில் ஒரு மூட்டையும் அண்டவில்லை. பக்கத்து வீட்டு அசனாகூடப் பொறாமைப்பட்டு ஒரு தலையணை அடைத்து வாங்கிப்போனாள். ஆனால் பட்டறைச் சாமானைக் களவெடுத்தான் என்று தெரிந்தால் லாபிரின் வேலை போய்விடும்.

"இல்லை ஐயா."

"அப்ப நல்லது. அது பஞ்சில்லை, பிள்ளை. பஞ்சு மாதிரித் தெரியிற கல்லு, கல்நார். நெஞ்சுக்குள்ள போனா வெளியில வராது. இருபது முப்பது வருஷம் சும்மா கிடந்திட்டுப் புத்துநோயா எழும்பும்."

"எவ்வளவு போனா?"

"அதை அறியத்தான் திரியிறன். இவ்வளவு மட்டும் போனாப் பயமில்லை எண்டு சொல்ல என்னால ஏலாது."

டொக்டர் வெளியே போய்ப் படலையைச் சாத்தும் சத்தம் கேட்டது. கூப்பிடு, கூப்பிடு என்று மனம் அடித்துக்கொண்டது, அவள் கூப்பிடவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

உள்ளே அறை அவள் அறை மாதிரி இல்லை. கடற்காற்றின் உப்பென்று இத்தனை நாளும் நினைத்திருந்த மணம் தலையணையிலிருந்து வந்தது, துருவும் பழைய எண்ணெயுமாக. தொண்டை அரித்தது. நேற்றும் அரித்தது. இருமினாள். லாபிருடைய அதே வறட்டு இருமல்.

யன்னலைத் திறக்கப் போன கை நின்றது. காற்று வந்தால் கிளம்பும். கூட்டினால் கிளம்பும். தலையணையை இழுத்தால்?

குனிந்தாள். தையல் விட்டிருந்தது. பிள்ளையின் விரல்கள் உள்ளே. வாயோரம் வெள்ளை நூல்.

தன் மூச்சை அடக்கினாள்.

பிள்ளை மூச்சிழுத்தான். கீற்றில் நின்ற மினுக்கம் முழுவதும் மெல்லச் சாய்ந்து அவன் மூக்கடிக்கு இறங்கியது.

மூச்சை விட்டான்.

கீற்றில் வெறும் வெயில். ஒன்றும் திரும்பி வரவில்லை.