குருமனையின் பொய் ஜன்னல்

கல்லில் வரைந்த திரை எப்படி மேலேறும்? கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு நிமிர்ந்த கிரிசெல் முற்றத்திலேயே நின்றுவிட்டாள். நேற்றுவரை பாதி ஜன்னலை மறைத்திருந்த திரை இன்று ஒரு சாண் ஏறியிருந்தது.

போதகர் குடியிருக்கும் அந்தக் குருமனையின் மாடி முகப்பில் ஐந்து ஜன்னல்கள். நான்காவது பொய். வீட்டைக் கட்டிக்கொடுத்த நிலக்கிழார்களுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சாக ஒத்திருக்க வேண்டும். உள்ளேயோ அந்த இடத்தில் அடுக்களைப் புகைபோக்கி ஏறுகிறது. ஆகவே கல்லைப் பதித்து, கறுப்புப் பூசி, வெள்ளையில் சட்டங்களும் பாதி இறங்கிய திரையும் வரைந்து ஊரை ஏமாற்றிவிட்டார்கள். ஊரில் பொய் சொல்லாத ஒரே ஆள் போதகர், அவர் வீடுதான் சொல்லும் என்று குடிகாரர்கள் கேலி பேசுவார்கள்.

மழை ஈரத்தில் அப்படித் தெரிகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு அவள் உள்ளே போனாள். கவலைப்பட வேறு விஷயம் இருந்தது. அவள் தம்பி, போதகர் நினியன், இன்று எடின்பரோவிலிருந்து புது மனைவியோடு வருகிறான். அவர்கள் வந்ததும் இவள் டன்ஸ் ஊருக்குக் கிளம்ப வேண்டும். சித்தி மகள் வீட்டில் பின்கட்டு அறை ஒன்று கிடைத்திருக்கிறது. இன்னொருத்தி ஆளும் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கமாட்டேன் என்று அவளேதான் பிடிவாதம் பிடித்தாள்.

தம்பிக்குச் சமைத்துப்போட ஆளில்லை என்று, பெண் கேட்டு வந்த பள்ளி ஆசிரியரையே வேண்டாம் என்று சொன்னவள் அவள். அதை இப்போது யார் நினைக்கிறார்கள்? இப்போது மணமகளாக வரும் லிலியஸ் கோடையில் ஒருமுறை விருந்துக்கு வந்திருந்தாள். பொய் ஜன்னலைப் பார்த்து, அந்த அறையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு, உண்மை தெரிந்ததும் வெட்கப்பட்டாள். நினியன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். கிரிசெல் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவன் பிரசங்கத் தாளிலிருந்து தலையை நிமிர்த்தியதில்லை. பொறாமைதான், வேறென்ன?

அடுக்களையில் வேலைக்காரி மைசி, மணமகள் தலைக்குமேல் உடைக்க ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொட்டிய உடைச்சதும் நீங்கதாம்மா அடுப்பு இடுக்கிய அவங்க கையில குடுக்கணும். அவங்க நெருப்பக் கிளறி விட்டாத்தான் வீடு அவங்களோடது."

"குடுக்கலன்னா?"

மைசி கையில் மாவோடு திரும்பிப் பார்த்தாள். "அப்படி யாரும்மா செய்வா? குடுக்கலன்னா நீங்க வீட்ட விட்டதாவே ஆகாதே."

அந்தப் பேச்சு கிரிசெலுக்குத் தேனாக இனித்தது. மைசி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் இடுக்கியைச் சால்வைக்குள் சொருகிக்கொண்டு மாடி ஏறினாள். அவளுடைய அறையில், புகைபோக்கிச் சுவரை ஒட்டி ஓர் அலமாரி. கீழே நாள் முழுக்க அடுப்பு எரிவதால் எந்தக் குளிரிலும் அது வெதுவெதுப்பாக இருக்கும். இன்று சில்லென்றிருந்தது. ஈரக் கம்பளியும், பழைய லாவெண்டரும், நெடுநேரம் மூடிக்கிடந்த வாயின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. இடுக்கியை உள்ளே வைத்தபோது பலகைக்கு அப்பால் ஏதோ சரசரத்தது. எலியின் ஓட்டம்போல இல்லை, உட்கார்ந்திருப்பவர் பாவாடையை ஒதுக்கிக்கொள்வதுபோல இருந்தது. அவள் கதவை அழுத்திச் சாத்தினாள்.

வண்டிச் சத்தம் கேட்டது. வாசலில் ரொட்டியை உடைத்தார்கள். துணுக்குகள் லிலியஸின் கூந்தலில் சிதறின. அவள் கிரிசெலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போகணும்னு நான் சொல்லவே இல்லக்கா. இருங்களேன்."

மனதாரத்தான் சொன்னாள். அதுதான் கிரிசெலுக்கு இன்னும் பொறுக்கவில்லை. இடுக்கி எங்கே என்று அடுப்பருகே எல்லோரும் தேடினார்கள். காணவில்லையே என்று கிரிசெலும் கூசாமல் சொன்னாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினியன் சிரித்து, மனைவியின் தலையிலிருந்து துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தான். கிரிசெல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கையுறையை மறந்துவிட்டேன் என்று மாடிக்குப் போனாள். இடுக்கியை டன்ஸுக்கே கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

வெளியே பொழுது மங்கிக்கொண்டு வந்தது. அலமாரியைத் திறந்து கையை விட்டாள். பலகை தட்டுப்படவில்லை. தோள்வரை விட்டாள். வெறும் குளிர். இன்னும் கொஞ்சம் குனிந்து, ஓர் அடி எடுத்து வைத்தாள்.

காலடியில் தரை இருந்தது. குறுகலான அறை. எதிரே ஜன்னல். நாள்தோறும் அவள் துடைத்த நான்கு ஜன்னல்களில் ஒன்றல்ல அது.

திரும்பினாள். அலமாரிக் கதவு இல்லை. கல்.

ஜன்னலுக்கு ஓடினாள். கீழே முற்றத்தில் வண்டி நின்றது. அவளுடைய பெட்டி ஏற்றப்பட்டிருந்தது. அவளுடைய சால்வையும் தொப்பியும் அணிந்த ஒருத்தி நினியனின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, முதுகு வளையாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அந்தக் கைகள் கிரிசெலின் கைகள். அந்த நடை அவளுடைய நடை. மேலே ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

வண்டி நகர்ந்தது.

கிரிசெல் கண்ணாடியை அறைந்தாள். சத்தமில்லை. கத்தினாள். சத்தமில்லை. கீழே லிலியஸ் நேராக இவளைப் பார்த்தாள். பொய் ஜன்னலைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னாள். நினியனும் பார்த்தான். இருவரும் சிரித்தார்கள். தோளோடு தோள் உரச உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

பின்னால் சரசரப்பு.

சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் பெண்கள். ஒருத்தியை அவளுக்குத் தெரியும்: முந்தைய போதகரின் விதவை. அவளைக் கெல்சோவில் அடக்கம் செய்தபோது கிரிசெலே போய் நின்றிருந்தாள். யாரும் இவளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் ஜன்னலில் இருந்தன, கீழே மூடிய கதவில், உள்ளே போனவள்மேல்.

விதவை பாவாடையைச் சேர்த்துப் பிடித்தாள். பக்கத்தில் இருந்தவளும் ஒதுங்கினாள். வரிசை முழுவதும் மெல்ல நகர்ந்தது.

ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.