தலைவரின் தொப்பிக்கு வந்த தளர்ச்சி

ப்ரோகோப் பெலிகான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை, எழுந்தருளுவார். க்ளோபோவ் ஊர்த் தொப்பிக்காரர் சங்கத்தின் தலைவர் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று அவரே தீர்மானித்திருந்தார். ஆனால் நவம்பர் மாதத்து அந்தக் காலையில், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஹினெக் மராஷின் வீட்டுக்கு அவர் கிட்டத்தட்ட ஓடிவந்தார்.

மராஷ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே பல் டாக்டர் வாவ்ரா. ஊரில் பலருக்கும் பல் நன்றாக இருந்துவிட்டதால், டாக்டருக்குத் துப்பறிவதில் ஆர்வம் வந்திருந்தது.

"தொப்பியை மாத்திட்டாங்க," என்றார் பெலிகான், மூச்சிரைக்க.

எந்தத் தொப்பி என்று இருவரும் கேட்கவில்லை. க்ளோபோவில் சும்மா 'தொப்பி' என்றால் சங்கத்தை நிறுவிய மாத்தெய் கிழவரின் கறுப்புக் கம்பளி ஃபெல்ட் தொப்பிதான். புனித கிளெமென்ட் திருநாளன்று சங்கத் தலைவர் அதை அணிந்து ஊர்வலம் வந்து, தேவாலய வாசலில் மூன்று முறை இடுப்பு வரை குனிந்து வணங்க வேண்டும். தொப்பி விழக் கூடாது. விழுந்தால் அந்தத் தலை அந்தப் பதவிக்குப் போதாது என்று அர்த்தம். மாத்தெய்க்குப் பூசணிக்காய் அளவு தலை. ஆனாலும் இதுவரை ஒரு தலைவருக்கும் அது விழுந்ததில்லை. ஒவ்வொருவரும் அதைத் தம் மூளையின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள்.

"நேத்து போட்டோ எடுக்க ஆள் வந்தான். தொப்பியைத் தலையில வெச்சேன், மூக்கு வரைக்கும் இறங்கிடுச்சு. ஆறு வருஷமா எனக்குன்னே செஞ்ச மாதிரி உக்கார்ந்த தொப்பி சார். போட்டோக்காரன் சிரிப்பை அடக்க முடியாம கேமராவோட கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டான்."

"தொப்பியை எங்க வெச்சிருக்கீங்க?" என்றார் மராஷ்.

"முன்னெல்லாம் அலமாரியில கிடக்கும். சங்கத்தோட கௌரவம் என்னாவறது? இந்த வருஷம் நானே யோசிச்சு கண்ணாடிப் பெட்டி செஞ்சு பூட்டு போட்டேன். ஒரே சாவி. மண்டபத்தைப் பாத்துக்கற ருஷேனாகிட்ட இருக்கு. அப்ப யாரு திருடி?"

"அவளை என்ன செய்யப் போறீங்க?"

"சனிக்கிழமைக்குள்ள அசல் தொப்பி வரலேன்னா வேலையும் போச்சு, மண்டபத்து மாடி அறையும் போச்சு. அந்த அறை என் ஒண்ணுவிட்ட தம்பிக்கு வசதியா இருக்கும்னு இப்பத்தான் தோணுது."

"இப்பத்தானா?" என்றார் மராஷ், காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தபடி.

மண்டபத்தில் ருஷேனா ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது தாண்டிய விதவை. வந்தவர்களைப் பார்த்ததும் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை மேசைமேல் போட்டாள். "பெட்டிச் சாவியும் என் அறைச் சாவியும் ஒரே கொத்துலதான் இருக்கு தலைவரே. தனித்தனியா கழட்டற சிரமம் உங்களுக்கு வேண்டாம்."

"பாத்தீங்களா திமிரை?" என்றார் பெலிகான்.

மராஷ் பெட்டியைத் திறந்து, தொப்பியைக் கவிழ்த்து, உள்ளே மூக்கை வைத்தார். பிறகு வாவ்ராவிடம் நீட்டினார்.

"லாவெண்டர் பசை," என்றார் வாவ்ரா. "நம்ம தலைவர் முடிக்குப் பூசறது. தெருமுனையில திரும்பும்போதே வருமே."

"உள்பட்டைத் தோல்ல ஆறு வருஷ வாசம் ஊறியிருக்கு. இதைக் கடையில வாங்க முடியாது. ஆக, தொப்பி அதேதான்."

"அப்ப யாரோ நீராவி காட்டி இழுத்துப் பெரிசாக்கிட்டாங்க," என்றார் வாவ்ரா உற்சாகமாக.

மூலையில் மாத்தெய் கிழவரின் மர அச்சு நின்றது. தொப்பி வடிவமைக்கப்பட்டதே அதன்மேல்தான். மராஷ் தொப்பியை அதில் மாட்டினார். பிசகாமல், இறுக்கமாக உட்கார்ந்தது. தொப்பி ஒரு நூல்கூடப் பெருக்கவில்லை.

வாவ்ரா சற்று யோசித்தார். "அப்ப மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். தலை சுருங்கியிருக்கணும்."

பெலிகானின் முகம் வெளுத்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியெல்லாம் ஆகுமா டாக்டர்?"

"நீங்க பல்லோட நிறுத்திக்கோங்க," என்று வாவ்ராவை அடக்கிய மராஷ், தொப்பியின் உள்பட்டையை விரலால் மெல்ல வெளியே மடித்தார். நெற்றிப் பக்கமும் பிடரிப் பக்கமும் அந்தத் தோலில் இரண்டு தட்டையான பள்ளங்கள். காதுப் பக்கங்களில் இல்லை. அவற்றை அவர் நிதானமாகத் தடவிப் பார்த்தார்.

"பெட்டி வந்தப்புறம் யாராவது தொப்பியைக் கேட்டாங்களா?" என்று ருஷேனாவிடம் கேட்டார்.

"திருடறவங்க கேட்டுட்டா திருடுவாங்க? ஹெர்மினா அம்மாதான் மூணு தடவை வந்தாங்க. வருஷா வருஷம் திருநாளுக்கு முன்னால வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பிரஷ் போடுவாங்களே, அதுக்கு. தலைவர் உத்தரவு, யார் கையும் படக்கூடாதுன்னு அனுப்பிட்டேன்."

"என் மனைவியா இருந்தாலும் சரின்னு நான்தான் சொன்னேன்," என்றார் பெலிகான். சட்டம் என்றால் சட்டம் என்ற பெருமை குரலில் இருந்தது.

"தலைவரே, உங்க வீட்டுல ஒரு வாய் காப்பி கிடைக்குமா?" என்றார் மராஷ்.

பெலிகான் வீட்டு வாசலறையில் வரிசையாகத் தொப்பிகள். மராஷ் ஒவ்வொன்றாக எடுத்து வீட்டுக்காரர் தலையிலேயே வைத்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். பெலிகானுக்கு உயிர் வந்தது.

"தலை அப்படியேதான் இருக்கு," என்றார் மராஷ். "ஆனா அளவுச் சீட்டு ஒண்ணுலயும் இல்லையே. எல்லாத்தையும் பிரிச்சிருக்கே?"

"அவருக்கு நெத்தியில உறுத்தும், நான்தான் பிரிச்சேன்," என்றாள் ஹெர்மினா, கசகசா கேக்கை வெட்டிக்கொண்டே. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ருஷேனாவுக்கு வேலை போகப் போகுதும்மா. அறையும்தான்."

கத்தி பாதிக் கேக்கில் நின்றது. அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் கண்ணாடியில் தம் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சங்கத்தின் முழுக் கமிட்டியும் மண்டபத்தில் கூடியது. முன்னாள் தலைவர் ஹாலாவையும் அவர் மனைவி பெர்த்தாவையும் மராஷ் தனியாகச் சொல்லி வரவழைத்திருந்தார். ருஷேனா கதவோரம் நின்றாள். மாடியில் அவள் பெட்டி கட்டி வைத்தாயிற்று.

"தொப்பி மாறலை, பெருக்கலை," என்று மராஷ் ஆரம்பித்தார். "தலை சுருங்கலை. தொப்பியும் அதே, தலையும் அதே. ஆனா போன வருஷம் இறுக்கம், இந்த வருஷம் தளர்ச்சி. அப்படின்னா ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ணு இருந்திருக்கு. இந்த வருஷம் அது இல்லை. உள்பட்டைத் தோல்ல அதோட தடம் முன்னாலயும் பின்னாலயும் பதிஞ்சிருக்கு. யார் வெச்சிருப்பாங்க? வருஷா வருஷம் திருநாளுக்கு முன்னால தொப்பி யார் கையில இருந்துச்சோ, அவங்க. ஏன் இந்த வருஷம் வைக்க முடியலை? தலைவர் பூட்டு போட்டுட்டார்."

பெலிகான் எழுந்தார். "அபாண்டம். என் தலைக்கு அடைப்பு வேணுமா?"

"ஆமாங்க," என்றாள் ஹெர்மினா. எல்லோரும் திரும்பினார்கள். அவள் கைப்பையிலிருந்து இரண்டு ஃபெல்ட் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். விரல் அகலம், முனைகள் மெலிதாகச் சீவியிருந்தன. "ஒரே இடத்துல தடியா வெச்சா தொப்பி கோணும். முன்னால பாதி, பின்னால பாதின்னு உள்பட்டைக்குள்ள சொருகணும். திருநாள் முடிஞ்சதும் எடுத்துடுவேன். உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் அளவுச் சீட்டையெல்லாம் பிரிச்சேன், வாயையும் திறக்கலை. அதுக்கு விலை ருஷேனாவோட அறைன்னா எனக்கு வேண்டாம்."

ஹாலா சிரித்தார். "என்ன பெலிகான், எங்க காலத்துல இதெல்லாம் தேவைப்படலையே. தலைன்னா..."

"கார்க்," என்றாள் பெர்த்தா, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன?"

"உங்களுக்குக் கார்க் வெச்சேன். ஒயின் புட்டி கார்க்கை மெலிசா சீவி. பதினோரு வருஷம். முதல் வருஷம் தண்ணி தெளிச்சு அடுப்புப் பக்கத்துல வெச்சுச் சுருக்கலாம்னு பாத்தேன், விளிம்பு அலை அலையா ஆயிடுச்சு. அதை இஸ்திரி போட்டு சரி பண்றதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போச்சு. கார்க் யோசனை உங்களுக்கு முந்தின தலைவரோட சம்சாரம் சொன்னது. ஹெர்மினாவுக்கு நான் சொன்னேன். அவ ஃபெல்ட்டுக்கு மாத்திக்கிட்டா, கெட்டிக்காரி."

ஹாலா உட்கார்ந்தார். சுவரில் வரிசையாகத் தொங்கிய பழைய தலைவர்களின் படங்களை வாவ்ரா அண்ணாந்து பார்த்தார். அத்தனை பேரும் மாத்தெய் கிழவரின் தொப்பிக்குக் கீழே மேதைகளைப்போல் நின்றார்கள். வாவ்ராவுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கி இருமல் வந்தது.

"நாளைக்கு ஊர்வலம்," என்றார் பெலிகான் கடைசியில். குரல் வழக்கமான இடத்திலிருந்து வரவில்லை. "பெட்டியைத் திற, ருஷேனா."

"யார் கையும் படக்கூடாதுன்னு உத்தரவு தலைவரே. வேலையை விட்டுப் போறவ நான், உத்தரவை மீறலாமா?"

கமிட்டி கூரையைப் பார்த்தது. பெலிகான் மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, நடந்துபோய், அவள் கையிலேயே கொடுத்தார். "தப்பு என்னுது. நீங்க எங்கயும் போக வேண்டாம். அறையும் உங்களுதுதான். தயவுசெய்து திறங்க."

ருஷேனா திறந்தாள். பிறகு அரைமணி நேரம் சங்கத் தலைவர் மடியில் தொப்பியைக் கவிழ்த்து வைத்து, உள்பட்டையை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருக்க, ஹெர்மினாவும் பெர்த்தாவும் தடிமன் பற்றி அவர் தலைக்கு மேலே சண்டை போட்டார்கள். அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கிளெமென்ட் திருநாளுக்கு அவ்வளவு கூட்டம் அதுவரை சேர்ந்ததில்லை. பெலிகான் குனிந்தார். தொப்பி அசையவில்லை. இரண்டாம் முறையும் அசையவில்லை. மூன்றாம் முறை இடுப்புக்கும் கீழே குனிந்தார், நின்றது. கூட்டம் கைதட்டிவிட்டு, ஒருவர் விடாமல் ஹெர்மினாவைத் திரும்பிப் பார்த்தது.

அப்போது பெலிகான் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றைச் செய்தார். எதிரே மண்டபத்து மாடி ஜன்னலில் நின்ற ருஷேனாவைப் பார்த்து, தொப்பியை முழுதாகக் கழற்றி வணங்கினார். தலை ஊருக்கே தெரிந்தது. நடுத்தர அளவுதான்.

ருஷேனா பதிலுக்குத் தலையசைத்தாள். பிறகு, குளிர் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.