மனவோட்டி

வண்டி தானாக வேகத்தைக் குறைத்து, ஏரிக்கரையில் ஓரம் கட்டி நின்றது. நிறுத்தும்படி ஒருவரும் சொல்லவில்லை.

"எனக்குத் தேத்தண்ணி வேணும்தான்," என்று சிரித்தான் நிரூபன். "மற்ற ஆள் ஆர்?"

"நான் இல்லை. மத்தியானம் வரைக்கும் நிக்கிறேல்லை எண்டு சொன்னதே நான்தானே," என்றான் செந்தூரன்.

ஆரணி அப்போதுதான் கண் விழித்திருந்தாள். தூங்குகிறவர்களின் விருப்பத்தை வண்டி கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே பிடிபட்டவன் செந்தூரன்தான். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நெடுந்தூர வண்டிகளில் கையால் திருப்பும் சுக்கான் என்ற ஒன்று இல்லாமல் போய் வெகுகாலமாகிவிட்டது. அதன் இடத்தில் மனவோட்டி இருந்தது. மணிக்கட்டில் கட்டிய பட்டையின் வழியே பயணிகளின் உண்மையான விருப்பத்தை அறிந்து, கூடுதலானவர்கள் எதை விரும்புகிறார்களோ அதைச் செய்யும். இரு பக்கமும் சமமானால் புறப்படும்போது குறித்த பாதையிலேயே போகும். யாரையும் மிரட்டியோ மயக்கியோ கடத்திச் செல்லக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த சட்டம். வாய்ச்சொல்லை அது பொருட்படுத்தாது. முன்பு அவசரப் பொத்தான் ஒன்று இருந்தது. பொய்க்கு அமுக்குகிறார்கள் என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

மூவரும் ரொறன்ரோவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அங்கே கோடை முழுவதும் சனங்கள் வெக்கை தாங்காமல் நிலத்தடி வாகனத் தரிப்பிடங்களில் படுத்து எழும்பினார்கள். வடமுனைக் குடியிருப்புக்கு மூவர் பெயரும் குலுக்கலில் விழுந்தபோது, நிரூபன் ஆரணியைத் தூக்கிச் சுற்றினான். ஆனால் அங்கே போகும் சாலை பனியில் உறைந்த மண்ணின் மேல் போட்டது. கோடை வெயில் ஏறினால் சதுப்புக்குள் இறங்கிவிடும். அதற்கு முன் போய்ச் சேராதவர்களுக்கு நுழைவாயில் பிறகு திறக்காது.

ஊர்கள் முடிந்து காடு தொடங்கியது. அடிமண் இளகியதால் ஊசியிலை மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. காட்டுமான் ஒன்று முழங்காலளவு சேற்றில் நின்று வண்டியை வெறித்துப் பார்த்தது. தொலைபேசிகள் செத்துவிட்டன. நிரூபன் பழைய பள்ளிக்கூடக் கதைகளை எடுத்துவிட்டு மற்ற இருவரையும் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தான்.

ஓர் ஆற்றங்கரையில் தண்ணீர் அள்ளப் போனவனும் அவன்தான். நிலம் பொதுக்கென்று உள்வாங்கியது. சரிந்த பாறை அவன் வலது காலைப் பிடித்துக்கொண்டது. செந்தூரனும் ஆரணியும் அவனை இழுத்தெடுத்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. கட்டுப்போட்டு, வலிக்கு ஊசி ஏற்றி, பின் இருக்கையில் கிடத்தினார்கள். அவன் மயங்கித் தூங்கிப்போனான். மருத்துவமனை இருந்த ஊரை முந்தின நாள்தான் கடந்திருந்தார்கள்.

"திருப்பு!" என்றாள் ஆரணி.

"ஓம், திருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போ," என்றான் செந்தூரனும்.

வண்டி வடக்கே புறப்பட்டது.

"நீதான்!" என்று ஆரணி அவன் சட்டையைப் பிடித்தாள். "உனக்கு அவனை விட அந்தக் கதவு பெரிசாப் போச்சு, என்ன?"

"நான் திரும்பத்தான் நினைக்கிறன். சத்தியமா. நீதான் மனசுக்குள்ள வேறை எதையோ வைச்சிருக்கிறாய்!"

விழித்திருந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் மட்டும் போக விரும்பினாலும் வண்டி திரும்பாது. அது செந்தூரன்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவனை அவள் வெறுத்தாள். அந்த வெறுப்பு ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது.

நிரூபன் விழித்தபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வெளியே பார்த்தான்.

"இன்னும் வடக்கையோ போறம்?"

"இவன் திரும்ப விடுறானில்லை," என்றாள் ஆரணி.

"சரி, இப்ப நான் முழிச்சிட்டன். எனக்குத் திரும்போணும். இனி உங்களில ஒராள் நினைச்சாலே போதும்."

மூவரும் காத்திருந்தார்கள். சாலை நேராகக் கிடந்தது. வண்டி அதே வேகத்தில் ஓடியது.

ஆரணி கண்களை இறுக மூடி, திரும்பு, திரும்பு என்று மனதுக்குள் கத்தினாள். அந்தக் கத்தலுக்குக் கீழே, வடமுனையில் ஓர் அறை இருந்தது. அதன் ஜன்னல் வழியே குளிர்காற்று உள்ளே வந்தது. அவள் அங்கே போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அது வெறும் நினைப்பு என்றுதான் அவள் அதுவரை எண்ணியிருந்தாள்.

"அப்ப ரெண்டு பேருமா?" என்றான் நிரூபன். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தனக்கு விளங்கிவிட்டதை உறுதிப்படுத்திக்கொள்கிறவன் போலத்தான் கேட்டான்.

செந்தூரன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்துச் சாலையோரத்தில் ஓர் அபயக் குடில் தெரிந்தது. வழிதவறியவர்களுக்காகக் கட்டிய மரக்கொட்டில். அதில் அழைப்புக் கருவி இருக்கும். தெற்கிலிருந்து மீட்பு விமானம் வரும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"என்னை இதில விட்டிட்டு..." என்று நிரூபன் தொடங்கினான்.

அவன் சொல்லி முடிக்கவில்லை. வண்டி வேகத்தைக் குறைத்தது. அதற்கு அவன் ஒருவனுடைய விருப்பம் மட்டும் போதாது.

கட்டிலில் படுக்க வைத்தார்கள். தண்ணீர், மருந்து, போர்வை எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்தார்கள். செந்தூரன் கருவியை இயக்கினான். பச்சை விளக்கு எரிந்தது.

"நான் உன்னோட நிக்கிறன்..." என்றாள் ஆரணி.

"சொல்லாத, ஆரணி," என்றான் நிரூபன், சுவர்ப்பக்கம் திரும்பியபடி. "தயவுசெய்து சொல்லாத."

அவர்கள் திரும்பி வந்து ஏறியதும் வண்டி உடனே புறப்பட்டது.

நுழைவாயிலில் நின்ற பெண், மூன்றாமவர் எங்கே என்று கேட்டாள். "அவராத்தான் இறங்கினவர்," என்றான் செந்தூரன். ஆரணி தலையாட்டினாள். அடுத்தடுத்த வீடுகள் கிடைத்தன. எதிர்ப்பட்டால் இருவரும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

மழைக்காலத்தில் நிரூபனின் அம்மா தொலைபேசியில் வந்தார். அவனுடைய காலை எடுத்துவிட்டார்களாம். ஆனால் பிள்ளை உயிரோடு இருக்கிறானாம்.

"அவன் எல்லாம் சொன்னவன், பிள்ளை. தன்னை விட்டிட்டுப் போங்கோ எண்டு தானே அடம்பிடிச்சவனாம். நீங்கள் அழுதழுதுதான் போனீங்களாம். உங்களைப்போல சிநேகிதர் கிடைக்க அவன் குடுத்து வைச்சிருக்கோணும்."

"ஓம் அன்ரி," என்றாள் ஆரணி. பிறகு, "அவன் பக்கத்தில நிக்கிறானோ? ஒரு சொல்லுக் கதைக்கலாமோ?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் தொலைபேசியைக் கையால் பொத்திய சத்தம்.

"களைச்சுப் போனானாம், பிள்ளை," என்றார் அம்மா. "ஆனா உன்னோட கதைக்கத் தனக்குச் சரியான விருப்பமாம். அப்பிடிச் சொல்லச் சொல்லுறான்."