நாளைத் தேதியிட்ட கோடு

குளியலறைக் கண்ணாடி முன் நின்று வயிற்றுப் பட்டையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது, நேற்று அவள் போட்ட நீலக் கோட்டுக்கு நாலு விரல் மேலே இன்னொரு நீலக் கோடு இருந்தது.

நில அளவை அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக வரைபடம் போடுகிறவள் அவள். அடுத்தவர் வேலி ஒரு சாண் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று அலுவலகத்தில் பேர். அப்படிப்பட்டவளின் வயிற்றிலேயே அவளுக்குத் தெரியாமல் யாரோ அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வயிறு என்றால் புது வயிறு. இரண்டு பிள்ளை பெற்று ஏழு வருஷமாகியும் தொங்கிய பழசைப் பார்த்து, பேருந்தில் யாராவது மாசமாக இருக்கிறாள் என்று பாவப்பட்டு எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்கார்ந்தால் பொய், உட்காராவிட்டால் விளக்கம் சொல்லித் தொலைக்க வேண்டும். கடைசியில் ரோஷம் வந்துவிட்டது. இந்த இடுப்பு முனையிலிருந்து அந்த இடுப்பு முனை வரை கீறி, விலகிக் கிடந்த தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டியெறிந்து, தொப்புளுக்குப் புதிதாக ஓர் இடமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இன்றைக்குப் பதினோராம் நாள். பிள்ளைகள் அக்கா வீட்டில். அவள் தரையில் ஊசியைத் தேடுகிறவள் போல வளைந்தபடியே நடந்தாள். கூடத்துச் சாய்வு நாற்காலியில் முழங்காலுக்கடியில் தலையணை வைத்துத் தூங்கினாள். கணவன் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிடாமல் அவளால் எழுந்திருக்க முடியாது.

கோடு போடும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது மருத்துவமனை நர்ஸ்தான். தையலோரம் சிவந்திருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வரைந்து, "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா உடனே போன் பண்ணுங்க" என்றாள். சிவப்பு தாண்டவில்லை, இரண்டே நாளில் மறைந்துவிட்டது. தொப்புளுக்குக் கீழே தோல் மரத்துக் கிடந்ததும் சகஜம்தான், மரத்த இடம் மெல்ல மெல்லத்தான் சுருங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது சுருங்குவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, தினமும் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டு, உணர்ச்சி தொடங்கும் இடத்தில் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியும் எழுதி வந்தாள்.

புதுக் கோட்டின் பக்கத்திலும் தேதி இருந்தது. பதினேழு. ஏழின் நடுவில் சின்னக் குறுக்குக் கோடு. அலுவலகத்தில் அவள் ஒருத்திதான் அப்படி எழுதுவாள்.

அன்றைக்குத் தேதி பதினாறு.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"உன் கையெழுத்துதானே சர்வேயரம்மா? மாத்திரை மயக்கத்துல தேதி தப்பா போட்டிருப்பே."

"நான் தேதி தப்பா போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?"

"வயித்த மட்டும் விட்டு வை தாயே. வீட்டுக்குள்ளயும் சர்வே ஆரம்பிச்சா நான் எங்க போவேன்?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் சுண்டியிழுக்கும். ஐயோ அம்மா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த வலி நல்ல வலி என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பஞ்சுக் குச்சியை வைத்துப் பார்த்தாள். தொப்புளில் ஒன்றுமில்லை. அதற்கு மேலே நகர்த்தினாள், அங்கும் ஒன்றுமில்லை. புதுக் கோடு வரை பஞ்சு போன தடமே தெரியவில்லை. கோட்டைத் தாண்டி மயிரிழை போனதும் சுரீரென்று கூசியது. அளவுநாடா பிடித்து வெட்டியது போல அத்தனை துல்லியம். சட்டைக் கழுத்தை விலக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். கழுத்தெலும்புக்கு மேலே, தொண்டைக்குழியைச் சுற்றி, அடுத்த கோடு. பதினெட்டு. பயந்துபோய்ப் பாவாடையை நகர்த்திப் பார்த்தால் கால்களிலும் கோடு இறங்கி, கணுக்காலைச் சுற்றி முடிந்திருந்தது. அங்கேயும் பதினெட்டு.

சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டுத் தேய்த்தாள். மை கரைந்து நீலமாக வழிந்து ஓடிற்று. தோல் மட்டும் திரும்பி வரவில்லை.

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "மேல எல்லாம் மரக்காதும்மா, பெல்ட் இறுக்கமா இருக்கும். ஒரு கொக்கி தளர்த்திக்கங்க. நாளை மறுநாள் வர்றீங்கல்ல, டாக்டரே பார்த்துடுவார்" என்றாள் நர்ஸ். நாளை மறுநாள் பத்தொன்பது. வீட்டிலிருந்த பேனாக்களையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக் கணவனிடம் நீட்டி, காரில் வைத்துப் பூட்டச் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், கிண்டல் செய்யவில்லை, போய்ப் பூட்டிவிட்டு வந்தான்.

"வலி எப்படி இருக்கு?"

"வலிக்கலைங்க."

"அப்புறம் என்ன? சந்தோஷப்படு."

அவளுக்கு அழுகை முட்டியது. அன்று முழுக்க நாற்காலியில் கிடந்தபடி, யாரும் பார்க்காதபோது தையலை விரலால் அழுத்தினாள். முதலில் மெதுவாக. பிறகு நகத்தால். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டு வெளியே நிற்பது போலிருந்தது. வலித்துவிடு, ஒரே ஒரு தடவை வலித்துவிடு என்று கெஞ்சினாள். பட்டைக்குள் எலாஸ்டிக்கும் வியர்வையும் மருந்தும் கலந்த புளித்த வாடை மூக்குக்கு எட்டியது. அது எங்கிருந்தோ, வேறு யார் மேலிருந்தோ வருவது போலிருந்தது.

இரவெல்லாம் கண் கொட்டாமல் இருந்தவள், பதினெட்டாம் தேதி மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை அமுக்கக் கண்ணயர்ந்துவிட்டாள். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகப் போட்டிருந்தது. சமையலறையில் கணவன் பாத்திரம் கழுவும் சத்தம், குழாய்த் தண்ணீர் விழும் சத்தம், எங்கோ ஒரு வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் சத்தம். விழித்தபோது எல்லாம் அப்படியே இருந்தன. தன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பார்த்ததால்தான் தெரிந்தது.

வலது கை மடியில் கிடந்தது. விரல்களில் மை. பிடியில் மகளின் நீல ஸ்கெட்ச் பேனா. பள்ளிக்கூடப் பையைத் துழாவ மறந்திருந்தாள்.

கூப்பிட வேண்டும். தொண்டை போவதற்குள் கூப்பிட வேண்டும்.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

நாற்காலியின் கால்பலகை டக்கென்று கீழே மடங்கியது. அவள் மடக்கவில்லை. பாதங்கள் தரையில் பதிந்தன. கைகள் நாற்காலியை ஊன்றின. யாரும் தூக்கிவிடாமல், எங்கும் பிடிக்காமல், உடம்பு எழுந்தது. வளைந்து அல்ல. நிமிர்ந்து. முதுகு நேராக, நேராக, இன்னும் நேராக.

பட்டைக்குள் எங்கோ பழந்துணி கிழிவது போல ஒரு சத்தம்.

வலிக்கவில்லை.

"அடேயப்பா!" அவள் முதுகுப் பக்கம், சமையலறை வாசலில் கணவன் ஈரக்கையோடு நின்றான். குரலெல்லாம் சிரிப்பு. "நிமிர்ந்துட்டியே! வலிக்கலையா?"

இல்லை, இது நான் இல்லை, பிடியுங்கள், கட்டிப் போடுங்கள் என்று கத்தினாள். எங்கே கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வலியே இல்லைங்க" என்றது வாய். அவள் குரல்தான். அவளைவிடக் கொஞ்சம் இனிமை.

"இரு, உங்க அக்காகிட்ட சொல்றேன். பசங்க வீடியோல பார்க்கட்டும்." போனைத் தேடி அவன் உள்ளறைக்கு ஓடினான். பட்டைக்குக் கீழே, கருநீல நைட்டியில் கறுப்பாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

உடம்பு குளியலறைக்குப் போனது. கண்ணாடி முன் நின்றது. நெற்றியில் கோடு. கன்னங்களில் கோடு. எல்லாக் கோட்டின் பக்கத்திலும் பதினெட்டு. இடது கண் மட்டும் பாக்கி. அந்தக் கண் வழியாகத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறையிலிருந்து கணவன் குரல் கேட்டது. "ஆமாக்கா, தானாவே எழுந்துட்டா! பழைய ஆளா ஆயிட்டா!"

வலது கை பேனாவின் மூடியைக் கழற்றியது. முனை புருவத்தோரம் வந்தது. வளைந்து இறங்கியது. மூக்கை ஒட்டி, இமைக்குக் கீழே, கை நடுங்காமல், அவசரமில்லாமல்.

கண்ணை மூட நினைத்தாள்.

மூடவில்லை.